நெகிழும் இறக்கை விமானங்களின் பறப்பு நிலைத்தன்மையைக் கணினியில் கணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூரிய மின்சாரத்தில் நாள்கணக்கில் பறக்கும் ஆளில்லா விமானங்கள், மிக நீண்ட இறக்கையுள்ள கிளைடர்கள், வாலில்லாத பறக்கும் இறக்கைகள் ஆகியவற்றைக் கணினியில் பறக்கவிட்டுப் பார்ப்பவர்களுக்கு எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. காற்றியக்கவியலும் அமைப்புப் பொறியியலும் ஓரளவு படித்தவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். எண்கள் வேண்டிய இடங்களில் எல்லாம் ஒரே மாதிரி இறக்கையைப் பயன்படுத்துகிறோம். கையால் போட்டுச் சரிபார்க்க அது வசதியாக இருக்கும்.

எந்த விமானத்துக்கு இந்தக் கணக்கு தேவை? இறக்கையை விறைப்பாகக் கொள்வது எப்போது போதும்?

இரண்டு அதிர்வெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்று, விமானம் முழுவதும் ஒரே உடலாக மூக்கைத் தூக்கித் தாழ்த்தி ஆடும் ஷார்ட் பீரியட் அதிர்வெண். மற்றது, இறக்கையின் முதல் வளைவு அதிர்வெண். இறக்கையின் அதிர்வெண் பல மடங்கு மேலே இருந்தால் விறைப்பான மாதிரியே போதும். நெகிழ்வினால் ஏற்றவிசைச் சரிவும் (தாக்குகோணத்தோடு ஏற்றவிசை கூடும் வீதம்) கட்டுப்பாட்டுப் பரப்புகளின் திறனும் குறைவதை மட்டும் திருத்திக்கொண்டால் சரி. இரண்டும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று மடங்குக்குள் வந்துவிட்டால் பறப்பியக்கத்தையும் அதிர்வையும் தனித்தனியாகக் கணக்கிடக் கூடாது.

இன்னொரு அளவுகோல் வளைவின் அளவு. நேரான பறப்பிலேயே இறக்கை நுனி அரை இறக்கை நீளத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்ந்தால், வளையாத இறக்கையின் மோட்களை, அதாவது இயல்பான அதிர்வு வடிவங்களை, கூட்டிப் போடும் நேரியல் முறை நம்பத்தக்கதல்ல. பத்து என்பது விதியில்லை, அனுபவ வழக்கு. ஆனால் 25 சதவீதம் உயர்ந்த இறக்கையை நேரியல் மாதிரியில் போடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

எல்லோரும் ஹீலியோஸைச் சொல்கிறார்களே, அதற்கு என்ன நடந்தது?

ஹீலியோஸ் நாசாவுக்காக ஏரோவைரன்மென்ட் கட்டிய பறக்கும் இறக்கை. நுனிக்கு நுனி விரிவு 247 அடி, அதாவது 75 மீட்டர். நாண் (இறக்கையின் முன்பின் அகலம்) 8 அடி. 2001 ஆகஸ்ட் 13 அன்று ராக்கெட் இல்லாமல் 96,863 அடி உயரம் ஏறியது. அப்போது எடை இறக்கை நெடுகப் பரவியிருந்தது. 2003இல் இரவிலும் பறப்பதற்காக எரிபொருள் கலம் (ஃபியூயல் செல்) ஏற்றினார்கள். நடுவில் 520 பவுண்டு எடையுள்ள கலம், வெளி இறக்கைகளில் தலா 165 பவுண்டு எடையுள்ள ஹைட்ரஜன் தொட்டிகள்.

2003 ஜூன் 26 அன்று ஹவாயின் கவாய் தீவிலிருந்து கிளம்பி அரை மணி நேரத்தில் கொந்தளிப்பான காற்றில் மாட்டியது. இறக்கை வழக்கத்தைவிட அதிகமாக மேல்நோக்கி வளைந்து, அந்த வளைவிலேயே நின்றுவிட்டது. அந்த வடிவத்தில், மூக்கு மேலும் கீழும் ஆடும் பிட்ச் அலைவு நிலையற்றதாகி, ஒவ்வொரு சுற்றிலும் வேக மாற்றம் ஏறத்தாழ இரட்டிப்பானது. வடிவமைத்த வேகத்தைத் தாண்டியதும் மேல்தோலும் சூரியத் தகடுகளும் பிய்ந்து, விமானம் பசிபிக்கில் விழுந்தது.

விசாரணை அறிக்கை மூலக்காரணமாகச் சொன்னது, எடைப் பரவலை மாற்றியதன் விளைவை மதிப்பிடப் போதுமான கணிப்பு முறைகள் இல்லாததைத்தான். அமைப்பு, காற்றியக்கம், கட்டுப்பாடு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கால ஓட்டத்தில் தீர்க்கும் முறைகள் வேண்டும் என்பது அதன் முதன்மையான பரிந்துரைகளில் ஒன்று. இன்று நம் கையில் இருக்கும் கருவிகள் பலவற்றின் வளர்ச்சிக்கு அந்த விபத்து தூண்டுகோல்.

இறக்கை மேலே வளைந்தால் பிட்ச் நிலைத்தன்மை ஏன் கெட வேண்டும்?

இந்தத் துறையில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அதனால் எண்களோடு பார்ப்போம்.

2001இல் பாட்டீல், ஹாட்ஜஸ், செஸ்னிக் மூவரும் பயன்படுத்திய மாதிரி இறக்கையை எடுத்துக்கொள்வோம். அரை இறக்கை நீளம் 16 மீ, நாண் 1 மீ, ஒரு மீட்டருக்கு நிறை 0.75 கிலோ, முறுக்கு நிலைமம் மீட்டருக்கு 0.1 கிலோ·மீ². வளைவு விறைப்பு 20,000, முறுக்கு விறைப்பு 10,000, முன்பின் வளைவு விறைப்பு 40 லட்சம், மூன்றும் நியூட்டன்·மீ² அலகில். மீள் அச்சும் (இறக்கை முறுகும் அச்சு) ஈர்ப்பு மையமும் நாணின் நடுவில். பறக்கும் உயரம் 20 கி.மீ., காற்றடர்த்தி 0.0889 கிலோ/மீ³.

இதை வாலில்லாத பறக்கும் இறக்கையாகக் கருதி, நடுவில் 32 கிலோ பளு வையுங்கள். இறக்கை 24 கிலோ, மொத்தம் 56 கிலோ. ஏற்றவிசை சீராகப் பரவினால் இறக்கையின் சொந்த எடை அந்தந்த இடத்திலேயே ஈடாகிவிடும். பளுவைத் தூக்கும் விசை மட்டும் மீட்டருக்கு 9.8 நியூட்டன் என்ற அளவில் இறக்கையை வளைக்கும். ஒரு முனை பிடித்த பீமின் சூத்திரத்தில் போட்டால் நுனி ஏறத்தாழ 4 மீட்டர் உயரும்.

வளையாத இறக்கையின் பிட்ச் நிலைமம் 0.1ஐ 32 மீட்டரால் பெருக்கினால் வரும் 3.2 கிலோ·மீ². நுனி 4 மீட்டர் உயர்ந்தபின் இறக்கையின் நிறை பளுவுக்கு மேலே செங்குத்தாகப் பரவிவிடுகிறது. மொத்த ஈர்ப்பு மையத்தைச் சுற்றிக் கணக்கிட்டால் இதனால் மட்டும் சுமார் 72 கிலோ·மீ² கூடுகிறது. ஆக நிலைமம் இருபது மடங்குக்கு மேல் ஏறிவிட்டது! நுனி உயரம் 2 மீட்டராக இருந்தால் கூடுவது 18, ஒரு மீட்டராக இருந்தால் 4.5. உயரத்தின் வர்க்கத்தோடு இது வளர்கிறது.

பிட்ச் நிலைமம் ஏறும்போது, மூக்கை நிமிர்த்தும் காற்றுவிசை அதே வேகத்தில் ஏறுவதில்லை. ஷார்ட் பீரியட் மந்தமாகிறது, வேகமும் உயரமும் மாறி மாறி ஏறியிறங்கும் மெதுவான ஃபூகாய்ட் அலைவோடு கலக்கிறது, ஃபூகாய்டின் தணிப்பு குறைந்து எதிர்மறையாகிறது. இறக்கை உடையவில்லை, காற்றுவிசையால் இறக்கையின் அதிர்வு தானாக வளரும் ஃபிளட்டரும் இல்லை. வடிவம் மாறியதாலேயே பறப்பு நிலையற்றதாகிவிடுகிறது. எனவே, வரைபடத்தில் உள்ள நேரான இறக்கைக்கு நிலைத்தன்மை கணக்கிட்டுப் பயனில்லை. பறக்கும்போது இறக்கை எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதைச் சுற்றித்தான் கணக்கிட வேண்டும். கீழே வரும் பதில்களில் பல இந்த ஒரு கருத்திலிருந்தே வருகின்றன.

நிரல் சரியாக இருக்கிறதா என்று முதலில் எதை வைத்துப் பார்ப்பது?

மேலே சொன்ன இறக்கையையே வையுங்கள். ஒரு முனையைச் சுவரில் பிடித்தது போல நிறுத்தி, காற்று இல்லாமல் அதிர்வெண்களை எடுங்கள். கோண அதிர்வெண்ணாக முதல் வளைவு 2.24, இரண்டாம் வளைவு 14.05, முதல் முறுக்கு 31.05, முதல் முன்பின் வளைவு 31.7 ரேடியன்/நொடி வர வேண்டும். நான்கும் பாடநூல் சூத்திரங்களிலிருந்தே கிடைப்பவை. இரண்டாம் வளைவு 14.6 என்று வந்தால் பீமை மிகக் குறைவான துண்டுகளாகப் பிரித்திருக்கிறீர்கள்.

அடுத்து டைவர்ஜென்ஸ், அதாவது காற்றுவிசை இறக்கையை மீளாமல் முறுக்கிக்கொண்டே போகத் தொடங்கும் வேகம். காற்றியக்க மையம் நாணின் கால் பங்கில், மீள் அச்சு பாதியில். எனவே நெம்புகோல் கை 0.25 மீ. ஏற்றவிசைச் சரிவை இரண்டு பை என்று வைத்து, இறக்கையைத் தனித்தனிக் கீற்றுகளாகக் கொள்ளும் ஸ்ட்ரிப் தியரியில் கையால் போட்டால் நொடிக்கு சுமார் 37.2 மீ வரும். ஃபிளட்டருக்கு, வளையாத இறக்கையில் நொடிக்கு 32.2 மீ, 22.6 ரேடியன்/நொடி என்பது வெளியான மதிப்பு. யுவிஎல்எம் (இறக்கையைச் சுழல் வளையங்களாகக் கொண்டு கால ஓட்டத்தில் தீர்ப்பது) போன்ற முப்பரிமாண முறையில் நுனியில் ஏற்றவிசை குறைவதால் இரண்டு வேகங்களும் சற்று மேலே வரும். அது பிழையல்ல.

இவை பொருந்திய பிறகு தாக்குகோணம் கொடுத்து இறக்கையை வளையவிட்டு மறுபடி ஃபிளட்டர் தேடுங்கள். வேகம் கணிசமாகக் கீழே இறங்க வேண்டும். முறுக்கும் முன்பின் வளைவும் 31.05, 31.7 என்று ஒட்டி நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். நேரான இறக்கையில் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. வளைந்தவுடன் பிணைந்துகொள்கின்றன. இறக்கை வளைந்தும் உங்கள் நிரல் அதே 32ஐக் காட்டினால், அது வளைந்த வடிவத்தில் விறைப்பைப் புதுப்பிக்கவில்லை என்று பொருள்.

அமைப்பு மாதிரிக்கு பீம் போதுமா, ஷெல் மாதிரி வேண்டுமா?

நீண்ட ஒல்லி இறக்கைக்கு பீம் போதும். ஆனால் பெரிய சுழற்சிகளைத் துல்லியமாகக் கையாளும் பீமாக இருக்க வேண்டும். சாதாரண நேரியல் பீமில் நுனி செங்குத்தாக மேலே போகும், உள்நோக்கி வராது. நம் இறக்கையில் நுனி 4 மீ உயர்ந்தால் அது சுமார் 0.57 மீ உள்ளே வர வேண்டும். வரவில்லையென்றால் கணினிக்குள் இறக்கை நீண்டுவிட்டது, பரப்பும் ஏற்றவிசையும் பொய்யாகக் கூடிவிட்டன.

ஷெல் மாதிரி வேறொரு இடத்தில் தேவைப்படும். இறக்கையைத் தாங்கும் கார்பன் ஸ்பாரின் அடுக்கமைப்பிலிருந்து பீமின் குறுக்குவெட்டு விறைப்பை எடுக்க அது உதவும். அப்படி எடுக்கும்போது வளைவுக்கும் முறுக்குக்கும் இடையிலான பிணைப்பை விட்டுவிடாதீர்கள். நாரின் கோணம் சமச்சீராக இல்லாத அடுக்கில் அது ஃபிளட்டர் வேகத்தையே மாற்றும்.

நடைமுறையில் தவறுகள் பெரும்பாலும் விறைப்பில் நடப்பதில்லை, நிறையில் நடக்கின்றன. பேட்டரி, மோட்டார், கம்பிகள், சர்வோக்கள் எல்லாம் மீள் அச்சுக்கு எவ்வளவு முன்னே அல்லது பின்னே இருக்கின்றன என்பதை மில்லிமீட்டரில் அளந்து போடுங்கள். குறி மாறிப்போவது மிகப் பொதுவான பிழை. ஈர்ப்பு மையம் மீள் அச்சுக்குப் பின்னால் இருக்க வேண்டிய இறக்கையில் முன்னால் போட்டுவிட்டால் ஃபிளட்டரே வராது, எல்லாம் அழகாகத் தெரியும். அதனால் ஃபிளட்டர் வராத முடிவைக் கண்டு மகிழ்வதற்கு முன் அந்தக் குறியை ஒருமுறை வேண்டுமென்றே மாற்றி ஓட்டிப் பாருங்கள். வேகம் மாற வேண்டிய திசையில் மாறுகிறதா என்று தெரியும்.

காற்றியக்கத்துக்கு எந்த முறை?

ஸ்ட்ரிப் தியரி, டிஎல்எம் (டப்லெட் லாட்டிஸ் முறை), யுவிஎல்எம், முழு சிஎஃப்டி (காற்றோட்டம் முழுவதையும் கணினியில் தீர்ப்பது) என்று நான்கு படிகள். சிஎஃப்டியை நிலைத்தன்மைத் தேடலுக்குத் தினமும் ஓட்ட முடியாது. சில புள்ளிகளில் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம்.

ஆல்பனோவும் ராடனும் 1969இல் வெளியிட்ட டிஎல்எம் பயணிகள் விமானத் துறையின் அன்றாடக் கருவி. நாஸ்ட்ரான் மென்பொருளின் சொல்யூஷன் 144, 145, 146 மூன்றும் அதன் மேல் நிற்பவை: முறையே ட்ரிம் (விசைகள் ஈடாகி நிற்கும் சமநிலைப் பறப்பு), ஃபிளட்டர், காற்று வீச்சு உள்ளிட்ட இயங்குநிலை மறுமொழி. ஆனால் அது தட்டையான, சிறிதளவே அசையும் இறக்கைக்கானது. வளைந்த இறக்கையில் ஏற்றவிசையும் கூடவே சாய்கிறது, நாண் திசையில் முன்னோக்கிய உறிஞ்சு விசை தோன்றுகிறது. வழக்கமான டிஎல்எம் இந்த இரண்டையும் தருவதில்லை. முன்பின் வளைவு கலந்த ஃபிளட்டர் வரும் இறக்கைக்கு அது போதாது.

பெரிய வளைவுக்கு யுவிஎல்எம் பொருத்தம். சுழல் வளையங்கள் இறக்கையோடு வளையும், பின்சுழலும் அதன் பின்னால் மிதந்து செல்லும். அதற்கு உராய்வு இழுவிசை தெரியாது என்பதை மறக்காதீர்கள். ஃபூகாய்டின் தணிப்பு இழுவிசையோடு நேரடியாகக் கட்டுண்டது. எனவே இறக்கை வெட்டுவடிவத்தின் இழுவிசை அட்டவணையைத் தனியாகச் சேர்க்க வேண்டும். தாக்குகோணம் மிகுந்து ஏற்றவிசை சரியும் ஸ்டாலும் அதில் கிடையாது. நுனிப்பகுதியின் உள்ளூர்த் தாக்குகோணத்தை ஒவ்வொரு ஓட்டத்திலும் பதிவு செய்து, அது ஸ்டால் கோணத்தைத் தாண்டிய நேரத்துக்குப் பின் வரும் முடிவுகளை ஒதுக்கிவிடுங்கள்.

பேனல், டைம் ஸ்டெப், பின்சுழல் நீளம் எவ்வளவு வைப்பது?

யுவிஎல்எம்மில் டைம் ஸ்டெப்பைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு ஸ்டெப்பில் காற்று எவ்வளவு தூரம் போகிறதோ அது நாண்வழிப் பேனலின் நீளத்துக்குச் சமமாக இருப்பது நல்லது. நாண் 1 மீ, பேனல் 8, வேகம் நொடிக்கு 25 மீ என்றால் ஸ்டெப் 0.005 நொடி. பின்சுழல் பத்து நாண் நீளம் என்றால் 80 வரிசை. அரை இறக்கைக்கு விரிவுவழி 32 பேனல் வைத்தால் முழு இறக்கையில் 512 பேனலும் பின்சுழலில் 5,120 பேனலும் வரும். சாதாரண மேசைக் கணினி தாங்கும்.

ஃபூகாய்டைப் பார்க்க எவ்வளவு நேரம் ஓட்டுவது? இந்த வேகத்தில் விறைப்பான விமானத்தின் ஃபூகாய்டு சுற்று ஏறத்தாழ 11 நொடி. ஐந்தாறு சுற்றாவது பார்த்தால்தான் வளர்கிறதா தணிகிறதா என்று சொல்ல முடியும். ஒரு நிமிடம், அதாவது 12,000 ஸ்டெப். பத்து நொடி மட்டும் ஓட்டி நிலையானது என்று முடிவு கட்டுவதை நிறையவே பார்க்கிறோம். ஹீலியோஸ் போன்ற நிலையின்மை அந்தப் பத்து நொடிக்குள் தெரியவே தெரியாது.

டிஎல்எம் பயன்படுத்துபவர்களுக்கு: பேனல் நீளம், வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்து 0.08ஆல் பெருக்கிய அளவைத் தாண்டக் கூடாது என்பது பழைய விதி. பின்னாளில் ராடன் குழுவினர் 0.02 என்று இறுக்கினார்கள். நம் முறுக்கு மோட் 5 ஹெர்ட்ஸ், வேகம் 25 என்றால் பழைய விதியில் 0.4 மீ, புதியதில் 0.1 மீ. நாணுக்குப் பத்துப் பேனல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டியவுடன் எண்கள் வெடித்துப் போகின்றன. இது உண்மையான நிலையின்மையா, கணக்கின் கோளாறா?

முதலில் எத்தனை ஸ்டெப்பில் வெடிக்கிறது என்று பாருங்கள். நான்கைந்து ஸ்டெப்பில், ஸ்டெப்புக்கு ஸ்டெப் குறி மாறி மாறி வளர்ந்தால் அது கணக்கின் கோளாறு. இயற்பியல் நிலையின்மைக்கு ஒரு சுற்று நேரம் இருக்கும். டைம் ஸ்டெப்பைப் பாதியாக்கினாலும் நொடிக்கணக்கில் அந்தச் சுற்று அப்படியே நிற்கும்.

குறி மாறி வெடிப்பதற்கு வழக்கமான காரணம் கூடுநிறை. இறக்கை அசையும்போது தன்னோடு சேர்த்து அசைக்கும் காற்றின் நிறை அது. பை, காற்றடர்த்தி, அரை நாணின் வர்க்கம் மூன்றையும் பெருக்கினால் மீட்டருக்கான மதிப்பு வரும். நம் இறக்கைக்கு 20 கி.மீ. உயரத்தில் அது 0.07 கிலோ, இறக்கையின் 0.75 கிலோவுக்கு முன் சிறியது. அதே இறக்கை கடல் மட்டத்தில் 0.96 கிலோ காற்றை அசைக்கிறது, இறக்கையைவிட அதிகம்! காற்றுவிசையை ஒரு ஸ்டெப் தாமதமாக அமைப்புக்குக் கொடுக்கும் தளர்வான இணைப்பு இங்கே நிச்சயம் வெடிக்கும். ஒவ்வொரு ஸ்டெப்புக்குள்ளும் இரண்டு தீர்வுகளும் ஒத்துப்போகும்வரை சுற்றி வரும் இறுக்கமான இணைப்பு வேண்டும். புதிய விசையில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் தளர்த்தல் கெழுவை 0.3 அளவில் தொடங்கி மேலே ஏற்றிப் பாருங்கள். உயரத்தில் நன்றாக ஓடிய நிரல் தரைமட்ட ஏற்றப் பறப்பில் வெடிப்பது இதனால்தான்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு, அது இன்னும் மோசமானது. வெடிப்பை அடக்க, கால ஓட்டத்தை ஸ்டெப் ஸ்டெப்பாகத் தீர்க்கும் நியூமார்க் முறையில் எண்ணியல் தணிப்பை ஏற்றிவிட்டால், உண்மையான நிலையின்மையும் அடங்கிவிடும். தணிப்பு மதிப்பை மூன்று அளவுகளில் ஓட்டி, மோட்டின் தணிப்பு அதோடு சேர்ந்து நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் நீங்கள் பார்ப்பது விமானத்தின் தணிப்பல்ல, சூத்திரத்தின் தணிப்பு.

ட்ரிம் தீர்வு கிடைக்கவில்லை.

தாக்குகோணம், எலிவேட்டர் கோணம், உந்துவிசை மூன்றையும் மாற்றிக்கொண்டே, ஒவ்வொரு முறையும் இறக்கையின் வளைவையும் தீர்க்க வேண்டும். முழு ஈர்ப்பையும் முழுக் காற்றுவிசையையும் முதல் படியிலேயே கொடுத்தால் நியூட்டன் முறை தடம் புரளும். ஐந்து முதல் பத்து படிகளாக ஏற்றுங்கள். விறைப்பான விமானத்தின் ட்ரிம்மைத் தொடக்கமாகக் கொடுங்கள். விறைப்பைப் பத்து மடங்காக வைத்துத் தீர்த்து, படிப்படியாகக் குறைத்து வருவதும் நல்ல வழி. இப்படிக் குறைத்து வரும்போது ஓர் எல்லையில் ட்ரிம்மே மறைந்துபோனால், டைவர்ஜென்ஸையோ ஸ்டாலையோ நெருங்கிவிட்டீர்கள். அது நிரலின் குறையல்ல, விமானத்தின் செய்தி.

ட்ரிம் கிடைத்ததும், கட்டுப்பாட்டை உறையவைத்து ஒரு சில நொடி கால ஓட்டத்தில் விடுங்கள். முதல் ஸ்டெப்பிலேயே விமானம் துள்ளினால் ட்ரிம்மும் கால ஓட்டமும் ஒரே விசைகளைப் பயன்படுத்தவில்லை. ஈர்ப்பின் திசையும் இழுவிசைத் திருத்தமும்தான் வழக்கமான குற்றவாளிகள்.

ஐகன் மதிப்புகளில் பூஜ்யங்கள் வருகின்றன. கவலைப்படலாமா?

ஐகன் மதிப்பு ஒவ்வொன்றும் ஒரு மோட்டின் அதிர்வெண்ணையும் தணிப்பையும் சொல்கிறது. அவற்றில் நான்கு பூஜ்யங்கள் வர வேண்டும். முன்னே, பக்கவாட்டில், உயரத்தில் எங்கே இருந்தாலும், எந்தத் திசை நோக்கினாலும் விமானத்துக்கு வேறுபாடில்லை என்பதன் அடையாளம் அவை. ஐந்தாவது பூஜ்யம் இருந்தால் எங்கோ ஒரு விசை விட்டுப்போயிருக்கிறது. நான்குக்குக் குறைந்தால் விமானத்தை எங்கேயோ கட்டிவைத்திருக்கிறீர்கள். சோதனைக்காகச் சுவரில் பிடித்த நிபந்தனையை நீக்க மறந்திருக்கலாம்.

வேகத்தை ஏற்றிக்கொண்டே வேர்களை (ஐகன் மதிப்புகளை) வரையும்போது ஒவ்வொரு வேகத்திலும் ட்ரிம்மைப் புதிதாகத் தீர்த்து, அந்த வடிவத்தைச் சுற்றி நேரியலாக்குங்கள். ஒரே ட்ரிம்மை வைத்து வேகத்தை மட்டும் மாற்றினால் வரும் கோடு எந்த விமானத்துக்கும் உரியதல்ல. மோட்களை அதிர்வெண் வரிசையில் பின்தொடராதீர்கள். வளைவு கூடும்போது அவை ஒன்றையொன்று கடக்கும். ஐகன் வடிவங்களின் ஒப்புமையை வைத்துப் பின்தொடருங்கள். வேகப் படிகளை 0.5 மீ/நொடி அளவுக்குச் சிறிதாக வைத்தால் குழப்பம் குறையும்.

ஃபிளட்டர் தேடும் பி-கே முறையின் தணிப்பு வரைபடத்தை அப்படியே நம்பலாமா?

தணிப்பு பூஜ்யத்தைக் கடக்கும் புள்ளியில் நம்பலாம். மற்ற வேகங்களில் அது தோராயம், ஏனென்றால் காற்றுவிசை தணியாத அலைவுக்காகக் கணக்கிடப்பட்டது. ஃபூகாய்ட், ஷார்ட் பீரியட் போன்ற மெதுவான மோட்களுக்கு ராஜரின் விகிதமுறு தோராயத்தை வைத்து நிலைவெளி வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது மேல். அதைப் பொருத்தும்போது பூஜ்ய அதிர்வெண்ணில் மதிப்பும் சரிவும் துல்லியமாக ஒத்துப்போகக் கட்டாயப்படுத்துங்கள். நம் இறக்கையில் பரிமாணமற்ற அதிர்வெண் (கோண அதிர்வெண்ணை அரை நாணால் பெருக்கி வேகத்தால் வகுத்தது) ஃபூகாய்டுக்கு 0.011, முறுக்குக்கு 0.62. இந்த அகன்ற இடைவெளி முழுக்கச் சராசரியாகப் பொருத்தினால் கீழ்முனையில் உள்ள சிறு பிழையே ஃபூகாய்டின் தணிப்புக் குறியை மாற்றப் போதுமானது.

திடீர்க் காற்று வீச்சுகளை எப்படிக் கொடுப்பது?

பெரிய விமானங்களுக்கான ஐரோப்பிய சி.எஸ். 25.341 விதி, ஒன்று கழித்தல் கோசைன் வடிவில், 9 மீட்டர் முதல் 107 மீட்டர் வரையான சாய்வு நீளங்களை, அதாவது வீச்சு தொடங்கி உச்சம் தொடும்வரையான தூரங்களை, பார்க்கச் சொல்கிறது. நம் விமானம் அந்த வகையல்ல, ஆனாலும் தொடக்கத்துக்கு அந்த வரம்பு நல்லது. நொடிக்கு 25 மீட்டரில் முதல் வளைவின் சுற்று 2.8 நொடி, அதாவது 70 மீட்டர். எனவே 35 மீட்டர் சாய்வு நீளத்தின் அருகில் இறக்கை மிகப் பெரிதாக மறுமொழி தரும். அங்கே நீளங்களை நெருக்கமாக வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு, பலர் விட்டுவிடுகிறார்கள். 9 மீட்டர் சாய்வு நீளமுள்ள வீச்சின் முழு நீளம் 18 மீட்டர்தான். இறக்கை விரிவோ 32 மீட்டர். இறக்கை முழுவதும் ஒரே காற்று அடிக்கும் என்ற அனுமானம் இங்கே உடைகிறது. ஒரு பக்க நுனியை மட்டும் தாக்கும் வீச்சையும், நடுவில் மேலேயும் நுனிகளில் கீழேயும் அடிக்கும் வீச்சையும் ஓட்டிப் பாருங்கள். அத்துடன், சிறிய வீச்சுக்கு மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். ஹீலியோஸில் நடந்ததுபோல, பெரிய வீச்சு இறக்கையை வேறொரு வளைவுக்குத் தள்ளிவிட்டால், ட்ரிம்மைச் சுற்றி நேரியலாக்கிய முடிவு அங்கே செல்லாது. வீச்சின் வலிமையைப் படிப்படியாக ஏற்றி, மறுமொழி அதே விகிதத்தில் வளர்வதை எங்கே நிறுத்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தானியங்கி விமானி எல்லாவற்றையும் சரிசெய்துவிடாதா?

சரிசெய்யலாம், கெடுக்கவும் கெடுக்கலாம். விறைப்பான மாதிரியை வைத்து வடிவமைத்த பிட்ச் கட்டுப்பாடு, நடு உடலில் உள்ள உணரி காட்டும் சுழற்சியை விமானத்தின் சுழற்சி என்று நம்புகிறது. அந்த உணரி இறக்கையின் வளைவையும் சேர்த்தே காட்டுகிறது. வேகமான விமானத்தில் நாட்ச் ஃபில்டர் போட்டு வளைவு அதிர்வெண்ணை வெட்டிவிடலாம். நம் இறக்கையில் வளைவு 2.24 ரேடியன்/நொடி, கட்டுப்பாடு வேலை செய்ய வேண்டிய இடமே அதுதான். வெட்டினால் கட்டுப்பாடும் போய்விடும். நுனிகளில் கூடுதல் உணரிகள் வைத்து வளைவையும் ஒரு நிலையாக மதிப்பிடுவதுதான் வழி.

ஷார்ட் பீரியடும் முதல் வளைவும் பிணைந்து வரும் நிலையின்மைக்கு உடல்சார் ஃபிளட்டர் என்று பெயர். அதைக் கட்டுப்பாட்டால் அடக்க முடியுமா என்று பார்க்கவே 28 அடி விரிவுள்ள எக்ஸ்-56ஏ ஆளில்லா விமானம் கட்டப்பட்டு 2013இல் முதன்முதலாகப் பறந்தது. கணினியில் இதை ஓட்டும்போது சர்வோவின் வேக எல்லையையும் கணினித் தாமதத்தையும் கட்டாயம் சேர்க்கவும். தாமதமில்லாத, எல்லையில்லாத சர்வோவோடு எந்த ஃபிளட்டரையும் அடக்கிவிடலாம், காகிதத்தில்.

எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஷார்பி திறந்த மூல மென்பொருள். பைத்தானில் இயக்கலாம். பெரிய சுழற்சிக்கான பீமும் யுவிஎல்எம்மும் ஒன்றாகவே வருகின்றன, நேரியலாக்கமும் உண்டு. அதன் பீம் துண்டுக்கு மூன்று முனைகள் என்பதால் ஒரு பீமின் மொத்த முனை எண்ணிக்கை ஒற்றைப்படையாகத்தான் வரும். இதை மறந்து உள்ளீடு தயாரித்தால் முதல் நாளே தடுமாறுவீர்கள். எம்ஐடியின் மார்க் ட்ரேலா எழுதிய ஆஸ்விங் முழு விமானத்தையும் விரைவாக அலசும். தொடக்க வடிவமைப்புக்கு அதற்கு இணையில்லை என்பது எங்கள் கருத்து. நாஸ்ட்ரான் கையில் இருந்தால் சிறு வளைவுக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவை எதோடு ஒப்பிட்டு நம்புவது?

கட்டிய இறக்கை இருந்தால் முதலில் தரை அதிர்வுச் சோதனை. நீண்ட இறக்கையைத் தரையில் தாங்கும்போது ஈர்ப்பில் அது கீழே வளைந்திருக்கும், பறப்பில் மேலே வளைந்திருக்கும். சோதனை அதிர்வெண்ணைப் பறப்பு வடிவத்தின் கணிப்போடு ஒப்பிடாதீர்கள். அதே தாங்கல், அதே ஈர்ப்பு வளைவு என்று கணினியிலும் அமைத்து ஒப்பிடுங்கள்.

இறக்கை கையில் இல்லாதவர்களுக்கு இஸ்ரேலின் டெக்னியன் கட்டிய பேஸி இறக்கை நல்ல வாய்ப்பு. அரை விரிவு 55 செ.மீ., நாண் 10 செ.மீ., அலுமினியத் தகடு ஸ்பார், நைலான் சட்டகம். காற்றுச் சுரங்கத்தில் நுனி விரிவில் ஏறத்தாழ பாதியளவு வளையும். தாக்குகோணத்தோடு ஃபிளட்டர் தொடங்கும் வேகம் நகர்வதை அதில் நேரடியாகப் பார்க்க முடிந்தது. தோலின் இழுவிசையும் சட்டகத்தின் விறைப்பும் முடிவைப் பாதிப்பதால், பீம் பண்புகளைக் கவனமாக எடுக்கவும் அது பழக்கும். பறக்கும் விமானத் தரவு வேண்டுமென்றால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எக்ஸ்-ஹேல் அதற்கென்றே கட்டப்பட்டது.

பாதுகாப்பு இடைவெளி எவ்வளவு வைக்க வேண்டும்?

பெரிய விமானங்களுக்கான 25.629 விதி, வடிவமைப்பு டைவ் வேகத்தின் சமானக் காற்றுவேகத்தை 15 சதவீதம் கூட்டி, அதுவரை ஃபிளட்டரும் டைவர்ஜென்ஸும் வரக்கூடாது என்கிறது. மிக நெகிழும் விமானத்தில் வேக இடைவெளி மட்டும் போதாது. வளைவிலும் ஓர் இடைவெளி வேண்டும். ட்ரிம் வளைவுக்கு மேல் நுனி எவ்வளவு உயர்ந்தால் பிட்ச் அலைவு நிலையற்றதாகிறது என்பதைத் தனியாகக் கணக்கிட்டு, வீச்சுக் கணக்கில் வந்த அதிகபட்ச நுனி உயரத்தோடு ஒப்பிடுங்கள். நுனி உயரத்தைப் பறப்பில் அளந்து தரைக்கு அனுப்பும் ஏற்பாட்டையும், அது எல்லையைத் தொட்டால் விமானி என்ன செய்ய வேண்டும் என்பதையும் முதல் பறப்புக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா, எந்தக் கட்டுப்பாட்டால் வளைவை இறக்குவது என்பதற்கான விடை ஒவ்வொரு விமானத்துக்கும் வேறு. அந்த நடவடிக்கையைச் சிமுலேஷனில் வளைந்த வடிவத்திலிருந்தே தொடங்கி ஓட்டிப் பாருங்கள்; சமநிலையிலிருந்து தொடங்கி ஓட்டியதை இதற்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.